ஒரு சாமான் குறையுது

ஸ்பார்க் பிளக்கை மாவு டப்பாவின் அடிவரை அழுத்திப் புதைத்துவிட்டு, மேலே மாவைத் தட்டிச் சமன் செய்தாள். மூடியைத் திருகும்போதே பின்பக்க ஷெட்டிலிருந்து செருப்புச் சத்தம் வந்தது. வலது காலை இழுத்து இழுத்து வைக்கும் சத்தம்.

"மேஜை மேல பிளக் வெச்சிருந்தேன். பார்த்தியா?" கிரீஸ் கையோடு கணவர் சமையலறை வாசலில் நின்றார்.

"உங்க இரும்புச் சாமானை நான் எதுக்குத் தொடறேன்?" விரல் நுனியில் மாவு ஒட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங்கேயாவது மறந்து வெச்சிருப்பேன். ஆர்டர் போட்டா மூணு வாரத்துல வந்துடும்" என்று திரும்பிப் போனார். பேனா மூடி காணாமல் போனால் வீட்டையே தலைகீழாக்குகிற மனுஷர். வண்டிச் சாமான் விஷயத்தில் மட்டும் அவர் குரல் உயர்ந்ததே இல்லை.

இது அவளுடைய ஐந்தாவது திருட்டு. கிளட்ச் கேபிள் தையல் மெஷின் இழுப்பறையில் இருந்தது. கார்புரேட்டர் ஊசி தலையணை உறைக்குள். அந்தப் பழைய மாடலுக்கு ஒரு சாமான் தொலைந்தால் எங்கெங்கோ சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டும். ஒவ்வொரு திருட்டும் அவளுக்கு மூன்று வாரத் தூக்கம்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் அந்த மோட்டார் சைக்கிள் அவரோடு சேர்ந்து லாரிக்கு அடியில் போனது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நர்ஸ் கொடுத்த பாலிதீன் பை. பைக்குள் ஒற்றை ஷூ. இன்னொன்று கிடைக்கவே இல்லை.

அவர் பிழைத்தார், தொடையில் இரும்புக் கம்பியோடு. வண்டி தார்ப்பாய்க்குள் போனது. அப்படியே கிடந்திருக்கும், ரிட்டயர்மென்ட் விழாவில் அவருடைய சிநேகிதர் மைக்கைப் பிடிக்காமல் இருந்திருந்தால். வாய் ஓயாத ஆள் என்பதால் ஆபீசில் அவருக்கு 'சைலன்சர்' என்று பெயர்.

"நம்மாளு வீட்டுல சும்மா உட்கார மாட்டார். அந்த வண்டியைத் தன் கையாலயே ரிப்பேர் பண்ணி மறுபடியும் ரோட்டுல விடப்போறார்" என்றார் சைலன்சர். நூறு பேர் கைதட்டினார்கள். கணவர் எழுந்து கையைத் தூக்கிக் காட்டினார். மறுநாளே தார்ப்பாய் விலகியது.

புது பிளக் சொன்னபடி மூன்றாவது வாரம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சைலன்சரின் போனும் வந்தது. "நாளைக்குக் காலையில பத்து பேரோட வர்றேன். இந்தத் தடவை சாக்குப்போக்கு எதுவும் நடக்காது."

"வாப்பா, எல்லாம் ரெடி" என்றார் கணவர்.

"வண்டியைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே" என்றாள் அவள், சோற்றைப் பரிமாறிக்கொண்டே.

"அவரே ரிட்டயர் ஆயிட்டார்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிறு காலை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஷெட்டுக்குள் நுழைந்தாள். சங்கிலியின் இரண்டு முனையையும் இணைக்கும் செயின் லாக் போதும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத துண்டு. அது இல்லாமல் வண்டி ஓர் அடி நகராது. குறடு எடுத்துக் குனிந்தபோது இடுப்பில் செல்போன் அதிர்ந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுத்துப் பார்த்தால் மகள்.

"அப்பா நேத்து என்கிட்ட அரை மணி நேரம் பேசினார்மா. பிஸ்டன், வால்வுன்னு எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை."

போனை வைத்த பிறகும் குறடு கையிலேயே இருந்தது. காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவருடைய காலை நானே இன்னொரு தடவை உடைக்கிறேனா? குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கையிலிருந்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

எட்டு மணிக்குத் தெருவை அடைத்துக்கொண்டு பழைய வண்டிகள் வந்து நின்றன. கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கறுப்பு டேங்கில் எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணலாம், அவ்வளவு பளபளப்பு.

முதல் உதைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது உதைக்கு வண்டி இருமிவிட்டு அடங்கியது. நின்றுபோன மூச்சு அவளுக்குத் திரும்பி வந்தது.

"நகருப்பா. தடவிக் கொடுத்தா வண்டி கிளம்புமா?" என்று சைலன்சர் காலைத் தூக்கி ஓங்கி ஓர் உதை விட்டார்.

வண்டி உறுமியது. அந்த மழை நாளில் தெருமுனை வரை கேட்டு மறைந்த அதே சத்தம். அவள் வாசல் கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். நேரம் கடந்துவிட்டது. இனி எதையும் கழற்ற முடியாது.

கணவர் வண்டியை விட்டுவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு அவளை நோக்கி வந்தார்.

"தங்கச்சிகிட்ட சொல்லாம கிளம்பிடுவாரா?" என்று சைலன்சர் சிரித்தார். மற்றவர்கள் ஹாரனை அடித்தார்கள்.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினார். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்த கை சில்லென்று இருந்தது. அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"இன்னைக்கு ஏன் எதையும் எடுக்கலை?"