நார்வேயிலிருந்து இருவர்

மரியெத்தா ஓலைத் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டாள். பேப்பியின் கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. அதில் பேட்டரி இல்லை.

"எந்த ஊர் சார்?" துடுப்பைத் தள்ளியபடி கோண்டோலாக்காரன் அல்வீசே கேட்டான்.

"நாங்கள் நார்வே. உங்கள் நகரம் மிக அழகு," என்றான் பேப்பி.

மரியெத்தா அவன் விலாவில் இடித்தாள். இருவரும் பிறந்ததிலிருந்து வெனிஸை விட்டு நகராதவர்கள். அறுபது வயதுக்கு மேல் சொந்த ஊரில் ஒரு மணி நேரச் சுற்றுலா. நல்லவேளை, அல்வீசே வேறு பேட்டைக்காரன்.

"நம்ம ஊர்க்காரங்க இதுல ஏறவே மாட்டாங்க சார். கல்யாணத்தன்னிக்கு ஏறுவாங்க, அதோட சரி. உங்கள மாதிரி ஆளுங்க வரலேன்னா நான் மீன் பிடிக்கத்தான் போகணும்."

மரியெத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தாள்.

"அதோ, அந்தப் பச்சை ஜன்னல். காதலனத் தேடி ஒரு இளவரசி அங்கேருந்துதான் குதிச்சா."

அந்த வீட்டில்தான் போன மாதம் பேப்பியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள்.

"மிகவும் சோகம்," என்றான் பேப்பி, கன்னத்தைத் தடவியபடி.

படகு பாலத்தை நெருங்கியது. பாலத்தடியில் லொரதானாவின் காய்கறிக் கடை.

பேப்பி குனிந்து கிசுகிசுத்தான். "உன் பொண்ணு கண்ணுல பட்டோம், தொலைஞ்சோம்."

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல நானே பக்குவமா சொல்லிக்கிறேன். அதுக்கு முன்னாடி தெரிஞ்சுது, என்னைத் தண்ணியில தள்ளிடுவா. இந்தப் பாலத்த மட்டும் தாண்டிட்டாப் போதும்."

லொரதானா யாருக்கோ கத்திரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம்.

"தக்காளிய வெயில்ல வச்சிருக்கா பாரு," பேப்பி பல்லைக் கடித்தான். "காலையில பூ மாதிரி எறக்கினேன்."

"வாய மூடு. நீ நார்வே."

பாலத்தை ஒட்டி ஒரு குறுகல் திருப்பம். எதிரில் வருவது தெரியாது. அங்கே குரல் கொடுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அல்வீசே அண்ணாந்து அடுத்த இளவரசிக்கு ஜன்னல் தேடிக்கொண்டிருந்தான்.

சுவர் ஓரத்தில் ஒரு சரக்குப் படகின் மூக்கு நீண்டது.

பேப்பி துள்ளி எழுந்தான். "ஓஏஏஏ!"

முப்பது வருடம் சரக்குப் படகு ஓட்டிய தொண்டை. புறாக்கள் பறந்தன. எதிர்ப் படகு அப்படியே நின்றது. பாலத்தின் மேலிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"ஏன் சார்," அல்வீசே துடுப்பை நிறுத்தினான். "நார்வேயிலயும் இப்படித்தான் கத்துவாங்களா?"

படகு ஆடியதில் மரியெத்தாவின் தொப்பி தண்ணீரில் விழுந்து மிதந்தது. அந்தக் குரலைக் கேட்டு லொரதானா ஏற்கெனவே திரும்பியிருந்தாள்.

"அம்மா?"

"சும்மா... ஊரச் சுத்திப் பாக்கலாம்னு..."

லொரதானா அம்மாவைப் பார்த்தாள். கோண்டோலாவைப் பார்த்தாள். நின்றபடி கேமராவுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்த பேப்பியைப் பார்த்தாள். கையிலிருந்த கத்திரிக்காய் நழுவித் தொப்பிக்குப் பக்கத்தில் விழுந்தது.

பேப்பி கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் அவள் தோள்தான் குலுங்கியது. பிறகு சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ, இனிமே தக்காளிக்காரர அப்பான்னு கூப்பிடணுமா?"