மகன் ஓட்டுகிற மாதிரியே

ஆனைகட்டி ரோட்டு வளைவில் மகன் பிரணவ் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவனோடு நொறுங்கிப்போன அந்தக் காலத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அச்சு அசலாகத் திரும்பச் செய்து, அவன் ஓட்டுகிற விதத்தையும் அதற்குள் ஏற்றி ஒரு கம்பெனியில் கொடுத்திருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு சுலோச்சனா ஏறிக்கொண்டாள். ஸ்டீயரிங் முன்னால் அவள் கணவர் குழந்தைவேலு கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

வண்டி தானாகக் கிளம்பியது. கேட்டைத் தாண்டியதும் இரண்டு ஹாரன் அடித்தது. வேகத்தடைக்குக் கிட்டே போய்த்தான் பிரேக் போட்டது.

"அவனேதான் அம்மிணி," என்றார் குழந்தைவேலு.

சுலோச்சனாவுக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. வளைவுகள் ஆரம்பித்தன, வேகமானி முள் ஏறியது. இந்த இடத்தில் அவள் எப்போதும் ஒன்று சொல்வாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்துவான். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"மெதுவாப் போ கண்ணு."

வண்டி உடனே வேகத்தைக் குறைத்துக்கொண்டது.



"இதைத் திருப்பிக் குடுத்துருங்க," என்றாள் சுலோச்சனா.

"ஏன்?"

"சொன்னாக் கேக்குதுங்க."