பிஷப்பை வாங்க வந்தவர்

இடப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் டெர்வ்லா குதிரையை வலப் பக்கம் திருப்பினாள். குதிரையேற்றப் போட்டியின் நடுவர் தம் காருக்குள் உட்கார்ந்தபடியே ஹாரனை ஓர் அழுத்து அழுத்தினார். மனப்பாடமாக ஓட்டிக் காட்ட வேண்டிய வரிசை தப்பு என்று அர்த்தம்.

கயிற்றோரம் நின்றவர்கள் ‘ச்சொ’ கொட்டினார்கள். “பாவம், பயந்துட்டா போல” என்றாள் ஓர் அம்மாள். பயமாவது ஒன்றாவது! அந்தத் தப்பை டெர்வ்லா மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள்.

விஷயம் இதுதான். பிஷப் என்ற அந்தக் கறுப்புக் குதிரை அவளுடையது இல்லை, கின்செல்லா கிழவருடையது. ஆனால் அது குட்டியாக இருந்த நாள் முதல் விடியற்காலையில் எழுந்து தீனி வைத்து, தேய்த்துவிட்டு, பழக்கியது அவள்தான். அதற்குப் பிறகுதான் மருந்துக் கடை வேலைக்கே ஓடுவாள்.

இன்று டப்ளினிலிருந்து டெவரோ என்ற வக்கீல் பிஷப்பை விலைக்குப் பார்க்க வந்திருக்கிறார். “இந்த ஆளுக்குப் பிடிக்கலேன்னா அது உங்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும். இன்னொருத்தனைத் தேடிக்கிட்டு என்னால அலைய முடியாது” என்று கிழவர் சொல்லியிருந்தார்.

பிடிக்காமல் செய்துவிட்டால் தீர்ந்தது. போட்டியில் மூன்று சோதனை வைக்கிறார்கள், மூன்றிலும் சொதப்ப வேண்டும், அவ்வளவுதானே?

அடுத்த வட்டத்தையும் பாதியில் கோட்டை விட்டாள். மறுபடி ஹாரன். மூன்றாவது முறை அடித்தால் போட்டியிலிருந்தே அனுப்பிவிடுவார்கள், கிழவருக்குச் சந்தேகம் தட்டிவிடும். அதனால் இரண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

“ஏம்மா, காலையில என்னத்தத் தின்னே?” என்று வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார் கின்செல்லா. “‘எங்கடி போறே’ன்னு அது உன்னைத் திரும்பித் திரும்பிப் பாக்குது!”

“அது இன்னிக்குச் சொன்ன பேச்சே கேக்கல ஐயா” என்று கூசாமல் பழியைக் குதிரை மேல் போட்டாள். பிஷப் அவள் சட்டைப் பையில் மூக்கை நுழைத்து கேரட் தேடியது.

டெவரோ பளபளக்கும் புது பூட்ஸ் சேற்றில் புதைய, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது வர்ணக் கழிகளைத் தட்டிவிடாமல் தாண்டும் சோதனை. டெர்வ்லா கடிவாள வாரைத் தொளதொள என்று விட்டு, கோணலாகக் கொண்டுபோனாள். பிஷப் தானே நேராகி, தானே அடி எண்ணி, தானே தாண்டியது. ஒரு கழிகூட அசையவில்லை. அவள்தான் மூட்டை மாதிரி அதன் கழுத்தின் மேல் போய்ச் சரிந்தாள்.

டெவரோ கண்ணை இறுக மூடிக்கொண்டார். “விழுந்துட்டாங்களா?”

“இல்லீங்க. பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கா” என்றார் கின்செல்லா எரிச்சலாக.

வக்கீல் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனுஷனுக்கு வேர்த்தே போய்விட்டது! பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று டெர்வ்லாவுக்குக் குஷி.

மிச்சம் வயல்வெளி ஓட்டம். மரக்கட்டை, புதர்வேலி, பள்ளம், தண்ணீர் என்று வழியெல்லாம் தடைகள். வாரை வெடுக்கென்று இழுத்தால் குதிரை நின்றுவிடும்தான். அதன் வாய் வலிக்குமே, அதற்கு மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. உருளைக்கிழங்கு மூட்டையாக மேலே உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வயலில் மேய்ந்த மாடுகளை வேடிக்கை பார்த்தாள்.

பிஷப் ஒரு காதைப் பின்னால் திருப்பிப் பார்த்தது. மேலேயிருந்து தகவல் எதுவும் வரவில்லை. சரி, இவளுக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்ததோ என்னவோ, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கொடி நட்ட இடமாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே போனது.

தண்ணீருக்குள் குதித்தபோது டெர்வ்லாவுக்கு நிஜமாகவே கால் நழுவிவிட்டது. ஒரு பக்கமாகத் தொங்கினாள். முழங்கால் தண்ணீரில் பிஷப் அப்படியே நின்றது. கழுத்தை மெல்ல உயர்த்தி, ஓர் உந்து உந்தி அவளைச் சேணத்தில் உட்கார வைத்தது. அப்புறம்தான் கரையேறியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது.

பதினெட்டுப் பேரில் பதினாறாவது இடம். ‘என் ராஜா’ என்று குதிரையைக் கட்டிக்கொள்ளத் துடித்த கையை அடக்கிக்கொண்டு, டெர்வ்லா முகத்தைத் தொங்கப் போட்டாள்.

டெவரோ சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறக்குறைய ஓடியே வந்தார்.

“மன்னிச்சுக்கங்க சார்” என்று முந்திக்கொண்டாள் அவள். “அவ்வளவு தூரத்திலேருந்து வந்தீங்க. இது உங்களுக்குச் சரிப்பட்டு வராது.”

அவரோ பிஷப்பின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “கின்செல்லா ஐயா, முடிச்சுக்கலாம். இன்னிக்கே வண்டியில ஏத்திடுங்க.”

“சார், நல்லாத்தானே பாத்தீங்க? பதினாறாவது!” என்று பதறினாள் டெர்வ்லா.

“நல்லாப் பாத்தேம்மா. இதுக்கு முன்னாடி ஏழு குதிரை பாத்தேன். எல்லாத்தையும் கெட்டிக்காரங்க ஓட்டிக் காட்டினாங்க. அதைப் பாத்து எனக்கு என்ன பிரயோஜனம்?” வக்கீல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

“நான் அச்சு அசல் உங்கள மாதிரியேதான் ஓட்டுவேன்!”