கருப்பனுக்கு நேர்ந்த அருவாள்

“என் இடுப்பு உயரத்துக்கு ஒரு அருவா அடிச்சுக் குடுங்க” என்றாள் புவனா.

ஞானவேல் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். மனைவி அருவாள் கேட்டால் எந்தக் கணவனும் முதலில் தன் கழுத்தைத்தான் தடவிப் பார்ப்பான். அவரும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் கணக்கு எழுதும் மனிதர் அவர். போனில் எவனோ கத்தி செய்வதைப் பார்த்துவிட்டு, நாமும் செய்தால் என்ன என்று ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பெருமாள்மலை வீட்டின் கார் ஷெட் இப்போது பட்டறை. கார் மழையில் நிற்கிறது. உலைக்குக் காற்று ஊத புவனாவின் ஹேர் டிரையர் போய்விட்டதால், அவள் ஈரத்தலையோடுதான் திரிகிறாள்.

அடித்த கத்திகளாவது வெட்டினவா என்றால், அதுவும் கிடையாது. தக்காளியில் வைத்து அழுத்தினால் சட்னிதான் வந்தது. பக்கத்து வீட்டு சுலைகாவுக்கு ஆசையாக ஒரு கத்தி கொடுத்தார். அது அவள் வீட்டுக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்துக் கிடந்ததைப் பார்த்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புவனா இதற்காக ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. பாத்திரங்கள்தான் அடுப்படியில் கொஞ்சம் சத்தமாக விழும். ஊரே சிரித்தாலும் பரவாயில்லை, இவள் ஒரு தடவை ‘நல்லாருக்கு’ என்று சொல்லிவிட்டால் போதும் என்று ஞானவேல் ஏங்கிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தைதான் அவள் வாயிலிருந்து வரவில்லை.

“யாருக்கு புவனா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கருப்பசாமிக்கு. நேர்த்திக்கடன்.”

போன உயிர் திரும்பி வந்தது. பழநியில் கடைக்குக் கடை அருவாள் தொங்குகிறதே, ஒன்றை வாங்கிப் போட்டால் ஆகாதா என்று சும்மா கேட்டுப் பார்த்தார். கடைச் சரக்கு வேண்டாம், நீங்கள் அடித்ததுதான் வேண்டும் என்று அவள் சொன்னதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, அதைச் சாமி முன்னால் சொல்லிக்கொள்ளலாம் என்றுவிட்டாள். கொஞ்ச நாளாகவே அவள் தலைவலி தலைவலி என்று நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அதற்காகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“வேண்டுனது பலிச்ச பெறகுதான செலுத்துவாக?”

“அதுவரைக்கும் தாங்காதுங்க. முன்னாடியே செலுத்திருவோம்.”

மறுநாளே ஓட்டலுக்கு லீவு சொல்லிவிட்டு, பழைய ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையை உலையில் போட்டார். முதலில் அடித்தது தண்ணீரில் முக்கியதும் விரிசல் விட்டது. அடுத்தது நுனியில் கோணிக்கொண்டது. புவனா முகம் சுளிக்கவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று டீ கொடுத்தாள், குறடால் இரும்பைக்கூடப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து நின்றதில்லை.

கடைசியில் ஒன்று சரியாக வந்தேவிட்டது. சாணை பிடித்து, எண்ணெய் தடவி, மரப்பிடி போட்டு அவள் கையில் கொடுத்தார். புவனா அதன் விளிம்பில் ஒரு வாழைநாரை வைத்து லேசாக இழுத்தாள். நார் இரண்டாகப் போனது.

“நல்லாருக்குங்க” என்றாள்.

ஞானவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டதற்குப் புகை என்றார். உலை அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பழநிப் பாதையில் கார் இறங்கும்போது அவர் வாய் ஓயவில்லை. அடுத்து சமையல் கத்தி செட்டு, அதற்கடுத்து ஒரு பெரிய வாள், பேசாமல் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகப் பார்த்தால் என்ன என்று அடுக்கிக்கொண்டே வந்தார். புவனா ஜன்னல் பக்கம் திரும்பி ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தாள். காருக்குள் தைலம் மணந்தது.

பாலசமுத்திரம் தாண்டி ஒரு தோப்புக்குள் இருந்தது கோயில். பூசாரி திருமலைச்சாமி அருவாளை வாங்கி, ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல் வைத்து அழுத்தினார். பழம் சுத்தமாக இரண்டானது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பதத்தைப் பார்த்ததில்லை என்று மெச்சிக்கொண்டவர், யார் அடித்தது என்று விசாரித்தார்.

“நாந்தேன்” என்று ஞானவேல் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றார்.

அந்தக் கோயிலில் வேண்டுதலைப் பூசாரி காதில் சொன்னால் போதும். கருப்பனிடம் அவர்தான் எடுத்துச் சொல்வார், அதுவும் தோப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி. புவனா அவர் காதருகே போய் முணுமுணுத்தாள். பூசாரி ஒரு தடவை அருவாளைப் பார்த்தார், ஒரு தடவை ஞானவேலைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஞானவேல் எதையும் கவனிக்கவில்லை. கண்ணை இறுக மூடிக் கைகூப்பி, என் பொண்டாட்டி கேட்டதை ஒரு குறையும் இல்லாமல் அப்படியே கொடுத்துவிடு சாமி என்று மனமுருகி வேண்டிக்கொண்டிருந்தார்.

அருவாளைச் சாமி முன்னால் நட்டுவிட்டுப் பூசாரி குரலெடுத்தார்.

“கருப்பா, இந்தம்மா வீட்டுக்காரரு இதோட பட்டறைய மூடிரணும்ப்பா.”