பெயர் கேட்காத மென்பொருள்

“அந்த ரெண்டாவது கம்பெனிக்காரன் உங்களுக்கு என்ன, மாமனா மச்சானா?” என்று கேட்டார் தலைமை நூலகர்.

நான் என் பரிந்துரை அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

நூலகத்தின் எட்டுப் பொதுக் கணினிகள் எவ்வளவு பயன்படுகின்றன என்று அளக்க ஒரு மென்பொருள் வாங்க வேண்டும். இரண்டை ஒரு மாதம் ஓடவிட்டுப் பார்த்தோம். முதலாவது, உறுப்பினர் அட்டையை வைத்துப் பெயரோடு நேரம் காட்டும். இரண்டாவதற்குப் பெயர் தேவையில்லை. இருக்கையில் ஆள் இருந்தாரா, இல்லையா. அவ்வளவுதான்.

நான் இரண்டாவதைப் பரிந்துரைத்தேன். வாசகர்களின் அந்தரங்கம் என்று காரணம் எழுதினேன். முழுப் பொய் இல்லை.

அவர் என் அறிக்கையை மேசைமேல் விசிறினார்.

“என்ன படிச்சான்னு கேட்டா அந்தரங்கம். வந்தானா இல்லையான்னு கேட்டா அதுல என்னய்யா அந்தரங்கம்?”

முதல் மென்பொருளின் விற்பனையாளர் சிரித்தபடி மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார்.

பெயர்ப் பட்டியல் திறக்கக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். வாசகர் குழுவைக் கேட்டுவிட்டு என்றேன். இருவரும் திருடனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

திரையில் ஆறாம் எண் கணினிக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. தினமும் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை. ஒரே அட்டை. ஒரு எழுத்துகூடத் தட்டப்படவில்லை.

“யாரு இந்த வெட்டி ஆபீசர்? அமுக்குங்க, பார்ப்போம்.”

விற்பனையாளர் அமுக்கினார்.

என் மனைவியின் பெயர் வந்தது.

ஆறு மாதம் யாரும் தொடாத அட்டையை எங்கள் கணினி தானாக நீக்கிவிடும், பெயரோடு சேர்த்து. இடையில் ஒருமுறை அந்த அட்டையைப் போட்டு உள்ளே நுழைந்தால் போதும். நான் தினமும் சாப்பாட்டு நேரத்தில் நுழைந்தேன்.

“ஒரு நாள்கூட லீவு போடலை சார். இப்படி ஒரு மெம்பர் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்,” என்றார் விற்பனையாளர்.

தலைமை நூலகர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிப்ரவரியில், அவளை வீட்டிலிருந்து தோளில் தூக்கிச் சென்ற நான்கு பேரில் அவரும் ஒருவர்.

“ரெண்டாவதையே வாங்கித் தொலைங்க,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.