முன்னே போனவர்

வில்லியனூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நமச்சிவாயத்துக்கு, ஆள் போகாத மலையில் தனியாக ஏறினேன் என்று வியாபாரிகள் சங்கத்தில் பெருமையடிக்க ஆசை. கல்வராயன் மலைக்கு வந்தார். பாதி ஏறியதும் பாதை மறைந்துவிட்டது. போனில் சிக்னலும் இல்லை. அழாத குறைதான்.

அப்போது மேலே லுங்கி கட்டிய ஒருவர் தெரிந்தார். மலைக்காரர், வழி தெரிந்தவர்! நமச்சிவாயத்துக்கு உயிர் வந்தது.

“ஐயா, கொஞ்சம் நில்லுங்க!”

அவர் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஏறினார்.

“இன்னா காலுப்பா இது! மலையிலயே பொறந்தவங்கன்னா சும்மாவா?” என்று வியந்தபடி, முள்ளில் கிழிபட்டு, பாறையில் தவழ்ந்து, நமச்சிவாயம் விடாமல் பின்தொடர்ந்தார்.

உச்சியில், அதற்கு மேல் போக இடமில்லாமல், அந்த ஆள் கும்பிட்டபடி நின்றார்.

“விட்ருங்க சார். நான் பாகூரு. கரும்பு வெட்டு முடிஞ்சிதேன்னு சும்மா மல பாக்க வந்தன். பர்மிஷன் வாங்கணும்னு தெரியாது சார்.”

நமச்சிவாயம் குனிந்து, மலையேறவென்றே வாங்கிய தன் காக்கி உடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

“யோவ், நான் ஃபாரஸ்ட் ஆபீசர் இல்லய்யா! வில்லியனூர்ல பாத்திரக்கட. உனக்கு வழி தெரியும்னுதான் பின்னாலயே வந்தன்.”

பாகூர்க்காரர் பொத்தென்று பாறையில் உட்கார்ந்தார்.

“எனக்கு இன்னா வழி தெரியும்? நீங்க தொரத்துனீங்க, ஓடியாந்தன்.”