தெளிவான படம்

துபாயிலிருந்து அண்ணன் ஹாமிது அனுப்பிய ஐபோனில் ரிஃப்காவுக்கு ஒரே ஒரு குறை. சங்கு குளிக்கும் கணவன் அஸ்கரின் ஆண்ட்ராய்டு போனிலிருந்து வரும் படங்கள் எல்லாம் மங்கலாகவே இருந்தன. "ஏளா, செட்டிங்ஸ்ல மெசேஜுக்குள்ள போயி ஆர்சிஎஸ்ஸ ஆன் பண்ணு, தெளிவாயிரும்," என்று ஹாமிது போனில் சொன்னான்.

ஆன் செய்தாள். அஸ்கர் கடலுக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிடுவான். மேசையில் சார்ஜில் கிடந்த அந்தப் போனுக்குச் சோதனையாக ஒரு ஸலாம் அனுப்பினாள். அது டிங்கென்றது. யாரும் அதைத் தொடவில்லை. ஆனாலும் அவள் திரையில் 'படிக்கப்பட்டது' என்று வந்தது. பிறகு அந்தப் போனிலிருந்தே ஒரு படம் வந்தது.

துல்லியமான படம். கடலுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி எடுத்தது. மேலே, அஸ்கர் காலையில் ஏறிப்போன தாணுலிங்கம் அண்ணாச்சியின் வள்ளம் நின்றது. அதிலிருந்து இடுப்புக் கயிற்றோடு அஸ்கர் இறங்கிக்கொண்டிருந்தான். அடுத்த படத்தில் அவன் கால்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

அண்ணாச்சியைப் போனில் அழைத்தாள். "அவுகள உடனே மேல தூக்குங்க அண்ணாச்சி!"

"இப்பதானம்மா இறங்குனான்?"

"அல்லாவுக்காகத் தூக்குங்க!"

கயிறு வள்ளத்தின் விளிம்பில் உரசும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. பிறகு அண்ணாச்சி தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இழுத்துக்கிட்டுதாம்மா இருக்கோம். கயிறு ரெண்டாள் கனம் கனக்குதே."